பாலுக்கு ஒத்துவராத தேயிலை

நடந்தவற்றை முதலில் நடந்த ஒழுங்கில் எழுதிவிடுகிறேன்.

1. ஒரு திங்கட்கிழமை, தாய்வானிலிருந்து பன்னிரண்டு பெட்டித் தேயிலை எங்கள் கம்பனியின் களஞ்சியத்துக்கு வந்தது. பெட்டிகளின் மேல் ‘ஊலோங்’ என்று எழுதியிருந்தது.

2. செவ்வாய் காலை கம்பனியின் தலைமைச் சுவைஞர் அதைச் சுவைத்தார், துப்பினார், ‘பழுது’ என்று எழுதச் சொன்னார்.

3. அப்படி எழுதும் தாள் செல்லுபடியாக இரண்டு கையெழுத்துகள் வேண்டும். ஒன்று அவருடையது. மற்றது ஆய்வுகூடத்தினுடையது. ஆய்வுகூடம் என்றால் நான்.

4. வெள்ளி மாலை நான்கு மணி வரை எனக்கு அவகாசம் தரப்பட்டது.

5. அதே வெள்ளியோடு என் மூன்று மாதத் தகுதிகாண் காலமும் முடிய இருந்தது. என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுத வேண்டியவரும் அதே சுவைஞர்தான்.

எண்பதுகளின் கடைசி. நான் இரசாயனத் தொழில்நுட்பம் படித்து முடித்திருந்த நேரம். லண்டனில், பிளேஸ்டோவில் அண்ணை வீட்டில், அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். நோர்பரியில் ஒரு தனியறை பார்த்து வைத்திருந்தேன். யன்னலுக்குக் கீழே ஒரு மேசை போடலாம். வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

சுவைக்கும் அறை

வடக்குப் பக்கம் முழுவதும் யன்னல் உள்ள நீண்ட அறை அது. வெயில் நேராக விழக்கூடாது, தேநீரின் நிறம் பொய் சொல்லும் என்பார்கள். வெள்ளை மேசையில் வரிசையாக மூடி போட்ட பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கிண்ணம். சில்லு வைத்த துப்பற்பாத்திரம் ஒன்று சுவைஞரின் காலடியில் கூடவே உருண்டு போகும்.

தேயிலையை நிறுக்கத் தராசின் ஒரு தட்டில் பழைய ஆறு பென்ஸ் நாணயம் கிடக்கும். கடைத்தெருவில் அந்த நாணயம் செல்லாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தட்டில் மட்டும் செல்லும். அந்த நிறைக்குத் தேயிலை, குழாய்த் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, ஆறு நிமிடம். கிண்ணத்தில் முதலே பால். எந்த நாட்டுத் தேயிலை வந்தாலும் இதே விதி.

தலைமைச் சுவைஞர் ஹார்க்ரேவ் முப்பது வருடங்களாக அந்த மேசையில் நின்றவர். முரடர் அல்லர். என் பெயரை முழுதாகச் சொல்ல முயன்று, இரண்டாவது எழுத்தில் களைத்து, ‘மிஸ் சிவா’ என்று நிறுத்திக்கொண்டவர். சாம்பல், ஈரப்பதன், கலப்படம் பார்ப்பது என் வேலை. சுவைக்கும்போது மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலை.

அந்தச் செவ்வாய் காலை வரிசையில் பதினொரு கோப்பைகளில் கறுத்த தூள். பன்னிரண்டாவதில் கரும்பச்சையாய், நீளமாய், முறுக்கிய இலை. கொதிநீர் விழுந்ததும் யாரோ தலையில் பூ வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தது போல இருந்தது. நான் திரும்பியே பார்த்தேன்.

வாசலில் மாதிரித் தகரங்களோடு ரெஜினா அக்கா நின்றார். மன்னார்க்காரி, பொதி செய்யும் பகுதியில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

“ஆர் பிள்ளை வேலைக்குப் பூ வைச்சுக்கொண்டு வந்தது? நீயோ?”

“நானில்லை அக்கா. உந்தக் கோப்பை.”

“கோப்பைக்கும் கலியாண வயசு வந்திட்டுதோ?”

ஹார்க்ரேவ் கிண்ணத்தில் ஊற்றினார். பாலில் விழுந்ததும் அது முருங்கையிலை கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது. கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினார். பாத்திரத்தில் துப்பினார்.

“பச்சை. பதப்படவில்லை. ஊலோங் இப்படி இருக்காது. ஊலோங் பழுப்பு. எழுது: பழுது.”

அவருக்குத் தெரிந்த ஊலோங், இலையைப் பாதிக்கு மேல் சிவக்கவிட்டு, பழுத்த பழ வாசனையோடு வருவது. அதைத்தான் முப்பது வருடங்களாக அவர் கண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை, பழுப்பாக வராத ஊலோங் பாதியில் கைவிடப்பட்ட ஊலோங்.

“பால் இல்லாமல் ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேட்டேன்.

“மிஸ் சிவா, நீ இலங்கையிலிருந்து வந்தவள். தேயிலை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?”

ஒரு சிறு விலகல்

நேர்முகத்திலும் இதே பேச்சுத்தான். “இலங்கையா? அப்படியானால் தேயிலையிலேயே வளர்ந்திருப்பாய்.”

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்களூரில் விளைந்தவை, என் கண்ணால் கண்ட ஒழுங்கில்: புகையிலை, வெங்காயம், மிளகாய், முந்திரிகை. தேயிலை மலைநாட்டில் விளைகிறது. அங்கே அதைக் கொய்பவர்கள் பேசுவதும் தமிழ்தான். ஆனால் இருபது வயது வரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. அது எனக்குப் பெருமை அல்ல. தேயிலைச் செடியை நான் முதன்முதலில் பார்த்தது லண்டனில், ஒரு பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில், பெயர்ப் பலகையை வாசித்த பிறகு.

நேர்முகத்தில் இதை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள். வேலையும் தந்தார்கள். பகிடி விட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று தெரியும். பால் இல்லாத தேத்தண்ணி எங்களுக்குப் புதினமில்லை. ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு பிளேன்ரீ. பால் ஊற்றினால்தான் தேநீர் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

காகிதத்தில் சுற்றியது

புதன்கிழமை தேயிலைக்குச் சொந்தக்காரி வந்தாள். மிஸ் லியாவ். என் வயதுதான் இருக்கும். நனைந்த குடையை மடிக்காமலே உள்ளே கொண்டுவந்து, காவலாளியோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் கம்பனி சிறு இறக்குமதியாளர்களின் தேயிலையையும் களஞ்சியத்தில் வைத்துப் பரிசோதித்துச் சான்றிதழ் தரும். ‘பழுது’ என்று இரண்டு கையெழுத்தோடு தாள் போனால் பெட்டிகள் திரும்பிப் போகும், அல்லது எரிக்கப்படும். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

“பழுதை எனக்குக் காட்டுங்கள்” என்றாள். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலத்தில். இரண்டு பேருக்குமே அது வேறொருவர் வீட்டுச் சட்டை மாதிரி.

ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே சோதனைக்குத் திறந்திருந்த பெட்டிக்குள் தேயிலை கொட்டிக் கிடக்கவில்லை. வெள்ளைக் காகிதம் இரண்டு தாள் சேர்த்துச் சதுரமாக மடித்த பொட்டலங்கள். நூலும் இல்லை, பசையும் இல்லை. மேலே சிவப்பு முத்திரை. ஒன்றைப் பிரித்தாள். முகர்ந்தாள். பத்து விநாடியில் திரும்ப மடித்தாள். நானும் மடித்துப் பார்த்தேன். இலை முழுவதும் மேசையில் கொட்டியது.

“ஊலோங்கில் இது பௌச்சோங்” என்றாள். “சுற்றிய வகை என்றுதான் பொருள். முற்காலத்தில் இப்படித்தான் சுற்றி, கடையின் முத்திரை குத்தி விற்றார்கள்.”

“இப்போதும் எல்லாரும் சுற்றுகிறார்களா?”

“இல்லை. நான் சுற்றுவிக்கிறேன். மடித்த எதையும் இங்கிலாந்துக்காரர் வாங்குவார்கள்.”

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இலையைக் கொஞ்ச நேரம் வெயிலில் வாடவிடுவது. பிறகு உள்ளே நிழலில். இடையிடையே கையால் மெல்லப் புரட்டி, ஓரம் மட்டும் கன்றவிடுவது. கன்றிய இடம் சிவக்கத் தொடங்கும். அந்தச் சிவப்பு இலைக்குள் பரவ முன்னர் சூடான தாச்சியில் போட்டு நிறுத்திவிடுவது. பிறகு முறுக்குவது, காயவைப்பது.

“நிறுத்துவதுதான் வேலை” என்றாள். “சிவக்க விடுவது யாருக்கும் ஏலும்.”

நான் ஒரு சந்தேகம் வைத்திருந்தேன்: இங்கே கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஆறு நிமிடம் விட்டதுதான் கெடுத்திருக்கும் என்று. அதைச் சொன்னதும் அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“எங்களூர்த் தேயிலைப் போட்டிகளிலும் கொதிநீர்தான். ஐந்து நிமிடம். குறை இருந்தால் வெளியே வரட்டும் என்றுதான் அப்படி. வீட்டில் குடிப்பது வேறு மாதிரி. மூடி போட்ட கோப்பை, கொஞ்ச நேரம், முதலில் மூடியை முகர்வது, பிறகு குடிப்பது, திரும்பத் தண்ணீர் ஊற்றுவது. நாலைந்து தரம் வரும். உங்கள் ஆள் என்ன செய்தார்?”

“பாலில் ஊற்றினார்.”

அவள் குடையை மடித்தாள்.

எட்டுக் கோப்பை

அன்று பின்னேரம் ஒரு பொட்டலத்தை அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்டு பிளேஸ்டோவுக்கு வந்தேன். வழியில் கடையில் ஸ்கொட்லாந்து ஊற்றுத் தண்ணீர் ஒரு போத்தல். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். எங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே விரலால் சுரண்டினால் வெள்ளையாக உதிரும். அதையும் சோதிக்க வேண்டும் என்று தோன்றியது.

மாறுபவை மூன்று. தண்ணீர்: குழாய், போத்தல். நேரம்: இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். பால்: உண்டு, இல்லை. இரண்டு தர இரண்டு தர இரண்டு. குசினி மேசையில் எட்டுக் கோப்பை, கீழே இலக்கம் எழுதிய கடதாசித் துண்டுகள்.

பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து அண்ணை உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார்.

“என்னடி இது, ஆருக்கு அந்தியேட்டி? செத்தவைக்கு மாதிரி எட்டுப் படையல் வைச்சிருக்கிறாய்?”

“தொடாதேங்கோ அண்ணை. பரிசோதனை.”

“குடிக்கிறதோ, பாக்கிறதோ?”

“குடிக்கிறது. ஆனா நான் சொல்லுற ஒழுங்கிலை.”

என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய பக்கம் இப்போதும் இருக்கிறது. சுருக்கம் இது. பால் ஊற்றிய நான்கும், தண்ணீர் எதுவானாலும், ஒன்றையொன்று அடையாளம் காண முடியாதவை. குழாய்த் தண்ணீரில் பால் இல்லாதவை: மேலே மெல்லிய ஆடை, நிறம் மங்கல், மணம் பாதி. போத்தல் தண்ணீரில் இரண்டு நிமிடம்: மணம் முதலில் வந்தது, விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு வந்தது. ஐந்து நிமிடம்: கடுமை கூடியது, கைப்பு இல்லை. மிஸ் லியாவ் சொன்னது சரி. என் சந்தேகம் பிழை. அதற்கு எதிரே நானே சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி போட்டேன்.

அண்ணை பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு ஏழாவது கோப்பையைக் குடித்தார்.

“ஓம், இதோட சேத்தால் குடிக்கலாம். சும்மா எண்டால் ஏலாது. கோயில் தீர்த்தம் மாதிரிக் கிடக்கு.”

அதையும் எழுதிக்கொண்டேன்.

அண்ணையின் வயது

பிறகுதான் வெள்ளிக்கிழமைத் தாளைப் பற்றிச் சொன்னேன். அண்ணையின் முகம் மாறியது.

“கையெழுத்தைப் போட்டிட்டு வேலையைப் பார். உன்ரை தேயிலையே அது?”

“பழுதில்லாததைப் பழுது எண்டு எழுதச் சொல்லினம்.”

“சொல்லட்டுமன். அந்த மனுசன் பெரியவர். பிழை எண்டால் பிழை அவருக்கு. உனக்கென்ன விசரே? நோர்பரி அறை வேண்டாமோ?”

“வேணும்.”

“அப்ப?”

நான் அவருக்கு அவருடைய வயதை ஞாபகப்படுத்தினேன். இதை வாசகர்களுக்கு விளக்க வேண்டும். இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று அண்ணை ஒரு தாளில் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். களைப்பு, பயம், எல்லாம்தான். அதில் அவர் பிறந்த வருடம் மூன்று வருடம் முன்னே போயிருந்தது. அன்றிலிருந்து தாளில் அவருக்கு மூன்று வயது கூட. மாற்றக் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் அதே தாளை எடுத்துக் காட்டினார்கள்: இது உங்கள் கையெழுத்துத்தானே?

வீட்டில் அது பெரிய பகிடி. அண்ணையின் மனைவி, என் மச்சாள், அவரைக் ‘கிழவர்’ என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் பிறந்தநாளுக்கு இரண்டு கேக் கேட்பார்கள்.

அன்று அவர் சிரிக்கவில்லை.

“அது என்ரை வயசு. இது ஆரோ சீனத்தியின்ரை தேயிலை.”

“கையெழுத்து என்ரை, அண்ணை.”

அவர் எட்டாவது கோப்பையைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனார். அடுத்த நாள் காலை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இருந்து போனோம்.

மூன்றாவது கட்டம்

வெள்ளி மூன்று மணிக்கு ஹார்க்ரேவின் மேசையில் நான்கு கோப்பை வைத்தேன். ஆறு பென்ஸ் நிறை, ஆறு நிமிடம், அவருடைய விதியில் இவை இரண்டையும் மாற்றவில்லை. இரண்டு கோப்பை குழாய்த் தண்ணீர், இரண்டு போத்தல் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒன்று பாலோடு, ஒன்று பால் இல்லாமல். ரெஜினா அக்கா தகரங்களை அடுக்கும் சாட்டில் வாசலில் நின்றார்.

“இந்த மனுசன் முப்பது வருசமாத் துப்பிச் சம்பளம் எடுக்கிறவர்” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். “கவனமாய்க் கதை பிள்ளை.”

ஹார்க்ரேவ் வந்தார். மறுக்கவில்லை, அவர் தொழிலை மதித்தவர். முதல் மூன்றையும் உறிஞ்சித் துப்பினார். நான்காவது, போத்தல் தண்ணீர், பால் இல்லாதது. உறிஞ்சினார். துப்பற்பாத்திரம் காலடியில் காத்துக்கொண்டு நின்றது. அவர் விழுங்கிவிட்டார். அந்த மேசையில் யாரும் எதையும் விழுங்கி நான் கண்டதில்லை.

கரண்டியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

“அழகான பானம்” என்றார். “ஆனால் மிஸ் சிவா, நாங்கள் தேயிலை விற்பது இந்த ஊரில். இந்த ஊர்த் தண்ணீரில், இந்த ஊர்ப் பாலில். ஸ்கொட்லாந்து மலையில் நன்றாக இருக்கும் என்று நான் சான்றிதழ் கொடுக்க முடியாது.”

அது நல்ல வாதம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“எங்கள் கலவைகளுக்கு அது சரி” என்றேன். “இவள் எங்கள் கலவைக்கு விற்கவில்லை. அவளுடைய கடையில், அவளுடைய ஆட்களுக்கு விற்கப் போகிறாள். ‘பாலோடு குடிக்கப் பொருந்தாது’ என்று எழுதுங்கள். இப்போதே கையெழுத்து வைக்கிறேன்.”

“அப்படி ஒரு கட்டம் இல்லை.” தாளைத் திருப்பிக் காட்டினார். அச்சடித்த கட்டங்கள் இரண்டு: நன்று, பழுது.

நான் என் மேலங்கிப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தேன். ‘பழுது’ கட்டத்துக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றாவது கட்டத்தின் தலைப்பாக ‘வேறு வகை’ என்று எழுதினேன். கீழே: ‘சிறிதளவே சிவக்கவிட்ட ஊலோங். குறை காணப்படவில்லை. கடின நீரும் பாலும் இதற்கு ஏற்ற சோதனை அல்ல.’ பேனையை அவரிடம் நீட்டினேன்.

வாசலில் ஒரு தகரம் விழுந்தது.

“அச்சடித்த தாளில் கீறக்கூடாது” என்றார். குரல் உயரவில்லை. மேசையிலிருந்து கீறாத வேறு தாள் ஒன்றை எடுத்தார். ‘பழுது’ கட்டத்தில் அடையாளமிட்டு, கையெழுத்து வைத்து, என் பக்கம் தள்ளினார். “நீ கெட்டிக்காரி. இதில் கையெழுத்து வைத்தால் திங்கட்கிழமை உன் கடிதத்தை நானே தட்டச்சு செய்விப்பேன். வைக்காவிட்டால் உன்னைப் பற்றி நான் நல்லதாக எழுத முடியாது. உனக்கு விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

“அப்படியானால்?”

“பழுதில்லாததைப் பழுது என்று நான் எழுத மாட்டேன்.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று ஐம்பது. என்னிடம் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு கோப்பைகளையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். ஒன்றின் மூடி தட்டிக் கீறல் விழுந்தது. அதைப் பதிவேட்டில் எழுதினேன்: மூடி ஒன்று, சேதம், என்னால்.

ரெஜினா அக்கா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

“நாசமாய்ப் போச்சு” என்றார். “ஆனா நல்லாய்த்தான் கோடு கீறினாய். ஒரு பக்கமும் சரிஞ்சு போகேல்லை.”

இன்றுள்ள நிலை

இரண்டாவது கையெழுத்து இல்லாத தாள் செல்லாது. அடுத்த வாரம் பன்னிரண்டு பெட்டிகளும் மிஸ் லியாவிடம் போயின. கம்பனியிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டு வரிகள் இருந்தன, முதலாவது நன்றி. நோர்பரி அறைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நான் மேலும் இரண்டு வருடம் அண்ணையின் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தேன். அண்ணை என்னோடு பேசாமல் இருந்தது ஒன்பது நாள். இப்போது நான் வேலை செய்வது ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். தினமும் பல தாள்களில், வாசித்துவிட்டு, கையெழுத்து வைக்கிறேன். அந்த ஒரு தாளில் வைக்கவில்லை.